‘தி’ விட்டால் அரை மார்க்

தீபா டீச்சர் என் வீட்டுக்கு வந்தது தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வைக்க. வந்த வேலை முடிந்ததும் கைப்பேசியை எடுத்து, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இங்கிலீஷில் எழுதிய கட்டுரையைக் காட்டினாள். தாளைப் படம் பிடித்துப் போட்டால் போதுமாம், தப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் அதுவே சிவப்புக் கோடு இழுத்துவிடுமாம். வரிக்கு வரி கோடு கிடந்தது.

“எல்லாம் ஆர்ட்டிகிள் மேடம். எ, ஆன், தி ஒண்ணுகூடப் போடல. எவ்ளோ குறைக்கலாம்?”

“எழுதினது புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“அப்போ கட்டுரையில ஒண்ணும் குறைக்காத.”

சிரித்துவிட்டாள். ஓய்வு பெற்றவர்களுக்கு மனம் இளகிவிடும் என்று நினைத்திருப்பாள். இந்த விஷயத்தில் எனக்கு இளகியது என்று எதுவும் இல்லை. ஊசலாடுகிற சுபாவம்தான் எனக்கு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஆனால் இந்தச் சிவப்புக் கோட்டின் முன்னால் மட்டும் நான் ஒரு தடவை ஊன்றி நின்றுவிட்டேன். அந்தக் கதையைச் சொன்னதும், ‘அதையே எங்க ஆசிரியர் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்க மேடம்’ என்று தீபா கேட்டதால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாக்பீஸைப் பாதியாக உடைத்துக்கொண்டால் பலகையில் கீச்சிடாது என்று கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான்.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. எண்பதுகளின் தொடக்கம். என் மகள் அப்போது கைக்குழந்தை. கணவருக்குச் செங்கல்பட்டில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பள்ளிக்கூடத் தெருவிலேயே ஒரு வீடு பிடித்து, குழந்தையைப் பக்கத்து வீட்டு ராணி அக்காவிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவேன். வெளியே எந்தக் குழந்தை அழுதாலும் என் குழந்தை என்றே தோன்றும். பாடம் நடுவில் நின்றுவிடும். “டீச்சர், அது வேற கொழந்த, நீங்க நடத்துங்க” என்று பிள்ளைகளே சொல்லுமளவுக்கு ஆகிவிட்டது.

தலைமையாசிரியர் ஏகாம்பரம் சார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். ஒரு பழைய தாளை விரித்து, அதன் மேல் பிளேடால் சிவப்புப் பென்சிலைச் சீவுவார். சீவல் ஒன்றுகூடக் கீழே விழாது. தாளை மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, விரல் நுனியைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் கட்டைப் பிரிப்பார்.

இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சின்னச் சொல் நிற்க வேண்டும். கேட்பவருக்கு இன்னும் தெரியாத நாய் என்றால் ‘எ’. இன்ன நாய் என்று தெரிந்துவிட்டால் ‘தி’. தமிழில் இப்படிக் கட்டாயம் கிடையாது. அதனால் எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போவார்கள். விட்ட இடத்தில் எல்லாம் ஏகாம்பரம் சார் ஒரு சிறு குறி போடுவார். இரண்டு பக்கமும் சரிந்து உச்சியில் கூடுகிற குறி. ஓய்வறையில் நாங்கள் அதற்குக் கூரை என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு கூரைக்கு அரை மார்க். இலக்கணக் கேள்வியில் மட்டும் இல்லை, கடிதம், கட்டுரை எல்லாவற்றிலும். கட்டுரைக்கு இருக்கிற மார்க் தீரும் வரை கூரை விழுந்துகொண்டே இருக்கும்.

இதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கைடில் இருக்கும் கட்டுரையை அப்படியே மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். அதில் ‘தி’ எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். கூரை விழாது. என்ன எழுதினோம் என்று மட்டும் தெரியாது. ‘எ ரெய்னி டே’ என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு மொத்தமும் லண்டன் மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்துபோகும்.

நானும் முதல் வருஷம் கூரை போட்டேன். பென்சிலில் போட்டு, சரியா என்று பார்த்து, அதன் மேல் மையில் போட்டேன். தலைமையாசிரியர் சொன்னால் செய்யத்தானே வேண்டும் என்றுதான் அப்போது இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் கன்னியம்மா என்றொரு பெண். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடிசைகள் இருந்தன. அங்கிருந்து ஒன்பதாவது வரை வந்தவள் அவள் ஒருத்திதான். கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். நானும் ‘உட்காரு’ என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விடுவேன்.

அவள் அம்மா சின்னப்பொண்ணு களை எடுக்கப் போகிறவள். ஒரு நாள் மண்வெட்டியும் கையுமாகப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், மேக்கால கரும்பு வெட்ட ஆளு சேக்கறாங்கோ. இவளயும் கூப்புடறாங்கோ. முயுப் பரிட்ச முடியட்டும்னு சொல்லிகீறேன். பாசுன்னா படிக்கட்டும். ஃபெயிலுன்னா இட்டுக்கினு பூடுவேன். அதே கிளாசுல இன்னொரு வருசம் குந்த வெக்க நம்மளால ஆவாது.”

“ஃபெயில் ஆக மாட்டாம்மா.”

“நீ சொல்லிட்டியே, நம்பலாமா?”

நம்பலாம் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து, போலந்திலிருந்து ஒரு பெண் உத்திரமேரூருக்கு வந்தாள். பெயர் ஹலினா. டெல்லியில் ஏதோ ஆராய்ச்சிப் படிப்பு. கோயில் சுவர்க் கல்வெட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரி வாயால் நல்ல இங்கிலீஷ் பிள்ளைகள் காதில் விழட்டும் என்று ஏகாம்பரம் சார் நேரில் போய் அழைத்து வந்தார். ஒன்பதாம் வகுப்பில் நாற்காலி போட்டோம்.

ஹலினா எழுந்து நின்று பேசினாள். “ஐ கேம் ஃப்ரம் வார்சா. சிட்டி இஸ் வெரி கோல்ட். ரிவர் பிகம்ஸ் ஐஸ். சில்ட்ரன் வாக் ஆன் ரிவர்.”

ஒரு ‘தி’ கிடையாது. ஒரு ‘எ’ கிடையாது. ஏகாம்பரம் சாரைப் பார்த்தேன். வேட்டி மடிப்பின் மேல் அவருடைய ஆள்காட்டி விரல் அசைந்துகொண்டிருந்தது. கூரை போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளோ அசையாமல் கேட்டார்கள். ஆறு உறைந்துபோகும், அதன் மேல் பிள்ளைகள் நடப்பார்கள் என்பது நான் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்திருந்தது. ‘கேள்வி கேளுங்க’ என்றதும் முன்வரிசைப் பிள்ளைகள் மனப்பாடக் கேள்வி தேடிக்கொண்டிருந்தார்கள். சுவரோரத்திலிருந்து கன்னியம்மா எழுந்தாள்.

“மேடம், ரெயின் கம், யுவர் ஹவுஸ் வாட்டர் கம்?”

“நோ, நோ,” என்றாள் ஹலினா. “ஸ்னோ கம்ஸ். டோர் டஸ் நாட் ஓப்பன். ஃபாதர் ஜம்ப்ஸ் ஃப்ரம் விண்டோ.”

கன்னியம்மா கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு அத்தனை பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஓய்வறையில் ஏகாம்பரம் சார் மெதுவாகச் சொன்னார். “வெள்ளையா இருந்தா மட்டும் இங்கிலீஷ் வராது போலிருக்கு.”

சாயங்காலம் ஹலினாவை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தேன். கேட்கலாமா, மனம் புண்படுமோ என்று டம்ளரைக் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டேன். பிறகு, ஏன் ‘தி’ போடுவதில்லை என்று கேட்டேவிட்டேன். அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. எங்கள் மொழியில் ‘தி’யும் இல்லை, ‘எ’யும் இல்லை, அதனால் எனக்கு ஞாபகமே வராது என்றாள்.

“அப்படியென்றால் எந்தப் பொருள் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

காப்பி டம்ளரை மேசை மேல் வைத்துக் காட்டினாள். ‘டம்ளர் மேசை மேல் இருக்கிறது’ என்று டம்ளரை முன்னால் சொன்னால், நம் இருவருக்கும் தெரிந்த டம்ளர். ‘மேசை மேல் டம்ளர் இருக்கிறது’ என்று பின்னால் தள்ளினால், இப்போதுதான் பேச்சில் நுழைகிற ஏதோ ஒரு டம்ளர். எங்கள் ஊரில் இப்போது ரொட்டிக்கு நீள வரிசை, அந்த வரிசையில் நின்று ‘கொஞ்சம் ரொட்டி கொடு’ என்று கேட்டால் ரொட்டி என்கிற சொல்லின் முடிவு ஒரு மாதிரி இருக்கும், ‘அந்த ரொட்டியைக் கொடு’ என்று கேட்டால் வேறு மாதிரி இருக்கும் என்றாள். இந்த, அந்த என்று சுட்டிக்காட்டவும் சொல் உண்டு, தேவைப்பட்டால் மட்டும். மற்றபடி கேட்கிறவருக்கு அறிவு இருக்கிறது என்று நம்பிப் பேசுவோம் என்று சிரித்தாள்.

எனக்குக் கை ஓடவில்லை. அவள் சொன்ன டம்ளர் வாக்கியம் இரண்டும் அப்படியே தமிழில் நிற்கிறதே! ‘தண்ணி கொடு’ என்றால் ஏதோ தண்ணீர். ‘தண்ணியைக் கொடு’ என்றால் நீ கையில் வைத்திருக்கும் சொம்பு. நாங்களும் எந்தப் பொருள் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தோம். நான் இத்தனை நாள் பிள்ளைகளிடம், ‘நம்ம மொழியில அது இல்ல, அதான் உங்களுக்கு வரல’ என்று, ஏதோ உறுப்புக் குறைந்து பிறந்தவர்களிடம் பேசுவதுபோலப் பேசியிருந்தேன்.

மறுநாளே வகுப்பில் முறையை மாற்றினேன். ‘டம்ளர் எங்கே, எந்த டம்ளர்’ என்று முதலில் தமிழில் பிரிக்க வைத்தேன். பிறகு இங்கிலீஷ்காரன் அதற்கு என்ன செய்கிறான் என்று காட்டினேன். சிலருக்கு வந்தது. கன்னியம்மாவுக்கு வரவில்லை. ஆனால் அவள் பேச ஆரம்பித்திருந்தாள். “டீச்சர், டாக் கேம்” என்பாள், உண்மையாகவே நாய் வந்து நிற்கும். எந்த நாய் என்று நான் கேட்டதில்லை. வாசலில் நிற்கிறதே.

முழு ஆண்டுத் தேர்வில் மழை பற்றிய கட்டுரை வந்தது. வகுப்பு வழக்கம்போல லண்டனுக்குப் போனது. கன்னியம்மா மட்டும் ஏரிக்கரையிலேயே இருந்தாள். ‘நைட் ரெயின் கேம். லேக் புரோக். வாட்டர் கேம் இன் ஹவுஸ். மதர் டுக் கோட். ஃபாதர் டுக் ரைஸ் பாட். ஐ டுக் பிரதர். வீ சாட் ஆன் ஸ்கூல் ஸ்டெப். மார்னிங் ஹவுஸ் நாட் தேர்.’

இரவு பெய்த மழை, உடைந்த ஏரி, ஆட்டைப் பிடித்துக்கொண்ட அம்மா, பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து விடியக் காத்திருந்த குடும்பம், விடிந்ததும் இல்லாமல்போன வீடு. இலக்கணக் கேள்வியில் ‘எ’, ‘தி’ நிரப்பும் பகுதியில் அவளுக்கு முட்டை. நானேதான் போட்டேன். கட்டுரைக்கு நல்ல மார்க் போட்டேன். பென்சிலில் போட்டுப் பார்க்கவில்லை, நேராக மையில் போட்டேன். மொத்தத்தில் பாஸ் மார்க்கைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

விளிம்பில் நிற்கிற தாள்களைத் தலைமையாசிரியர் மறுபடி பார்ப்பது எங்கள் பள்ளி வழக்கம். அவர் மார்க்கை மாற்றினால், மாற்றிய இடத்துக்குப் பக்கத்தில் பாட ஆசிரியர் சுருக்கொப்பம் போட வேண்டும். அது இல்லாமல் மாற்றம் செல்லாது. போடாத ஆசிரியர் யாரும் அதுவரை இல்லை.

அவர் என்னைக் கூப்பிட்ட அன்று ராணி அக்கா கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். கடிகாரம் மேசை மேல் இருந்தது. கன்னியம்மாவின் தாள் முழுக்கக் கூரை. அத்தனை கூரையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கட்டுரை மார்க் அடிக்கப்பட்டு, பக்கத்தில் பூஜ்யம் இருந்தது.

“இங்க ஒரு இனிஷியல் போடுங்கம்மா.”

“போட மாட்டேன் சார்.”

சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம். குழந்தை மேசை மேல் இருந்த சிவப்புப் பென்சிலை எட்டிப் பிடித்தது. ஏகாம்பரம் சார் பிளேடை எடுத்துத் தன் பக்கம் ஒதுக்கி வைத்தார். “பாத்து, கைய வெட்டிக்கப் போவுது” என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, என்னிடம் “ஏன் போட மாட்டீங்க?” என்றார்.

“‘தி’ தெரியாததுக்குக் கிராமர்ல மார்க் போயிடுச்சு சார். முட்டை போட்டது நான்தான். அதே தப்புக்குக் கட்டுரையிலயும் அடிச்சா எப்படி? ஒரு தப்புக்கு எத்தனை அடி?”

“வாட்டர் கேம் இன் ஹவுஸ்னு எழுதியிருக்கா. எந்த ஹவுஸ்? எ ஹவுஸா, தி ஹவுஸா? படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவங்களுக்கு இருந்தது ஒரே வீடு சார். ஒரே ஆடு. எந்த வீடுன்னு கேக்கணும்னா ரெண்டாவதா ஒரு வீடு வேணும்.”

அவர் கட்டுரையை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு அதே மெதுவான குரலில் சொன்னார். “மெட்ராஸ்ல ஒரு இன்டர்வியூ. நான் ஒரே ஒரு ‘தி’ விட்டேன். உட்கார்ந்திருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. அந்த வேலை எனக்குக் கிடைக்கல. இந்தப் பிள்ளைங்களைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் இவ்ளோவும்.”

நான் தடுமாறினேன். அவர் சொன்னது பொய்யில்லை. நாளைக்குக் கன்னியம்மாவைப் பார்த்தும் எவனாவது சிரிப்பான். நான் நல்லது செய்கிறேனா, கெடுக்கிறேனா? குழந்தை தோளில் எச்சில் வழிய விட்டது. துடைத்துக்கொண்டே, அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்ததை நினைத்தேன்.

“சிரிச்சவங்களுக்குத்தானே சார் மார்க் குறைக்கணும்?”

“உங்க ப்ரொபேஷன் ரிப்போர்ட் நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். எழுதுங்க. நான் இனிஷியல் போட மாட்டேன்.”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவர் குழந்தையின் கையிலிருந்து பென்சிலை மெல்ல உருவிக்கொண்டார். தாளின் ஓரத்தில், ‘பாட ஆசிரியரின் பொறுப்பில் தேர்ச்சி’ என்று எழுதி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

வாசலில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். “இன்னாச்சு டீச்சர்?”

“பாஸ்.”

“சொன்ன மாதிரியே செஞ்சிட்ட டீச்சர். கொயந்தயக் குடு இப்டி.”

என் ரிப்போர்ட்டில் அவர் என்ன எழுதினாரோ, ப்ரொபேஷன் முடிந்து பணி நிரந்தரமாக எனக்கு மற்றவர்களைவிட அதிகக் காலம் பிடித்தது. அடுத்த ஜூனில் கடலோரப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே குழந்தையை விட ராணி அக்கா இல்லை. இரண்டு பஸ் மாறி, குழந்தையோடு போய்வந்தேன். கணவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். பேசாமல் ஒப்பம் போட்டிருக்கலாமோ என்று பஸ் ஜன்னலோரத்தில் பல நாள் நினைத்தேன். இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் மாற்றலைத் திரும்பப் பெறலாம் என்று நல்லது சொன்னவர்கள் உண்டு. எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளியிலும், எந்தத் தலைமையாசிரியரிடமும், கட்டுரையில் நான் கூரை போட்டதில்லை.

கன்னியம்மா பத்தாவது எழுதிய வருஷம், காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஏகாம்பரம் சார் எதிரே வந்தார்.

“உங்க பொண்ணு ஃபெயில்மா. இங்கிலீஷ்லதான்.”

நான் விடவில்லை. “ஒன்பதாவதுல ஃபெயில் ஆகலையே சார். பத்தாவதுல ஆகியிருக்கா. அது பெரிய ஃபெயில்.”

அவர் ஓரிக்கை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. அப்போது எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில் என்பதும் ஒரு படிப்பு. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் போடுவார்கள். சில வேலைக்கு ‘பாஸ் அல்லது ஃபெயில்’ என்றுதான் கேட்பார்கள். ஒன்பதாவது ஃபெயிலை யாரும் எங்கும் கேட்பதில்லை.

அதற்கும் ஒரு வருஷம் கழித்து, ஏதோ சான்றிதழ் வாங்க உத்திரமேரூர் போயிருந்தேன். கடைத்தெருவில் பின்னாலிருந்து ஒரு குரல் “டீச்சர், டீச்சர்” என்று ஓடி வந்தது. சின்னப்பொண்ணு. தலையில் விறகுக்கட்டு. இறக்கி வைக்காமலே பேசினாள்.

“எம் பொண்ணு பால்வாடில வேல பாக்கறா டீச்சர்! காவாந்தண்டலத்துல. கொயந்தைங்களுக்கு ஏ பி சி டி சொல்லித் தர்றா. மாசாமாசம் கையெய்த்துப் போட்டுச் சம்பளம் வாங்கறா, ரேகை இல்ல. எங்க சனத்துல மொத எஸ்ஸெல்சி ஃபெயிலு அவதான்!”

பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடி ஓசையாகச் சிரித்தார்.

சின்னப்பொண்ணு விறகுக்கட்டோடு அப்படியே அவர் பக்கம் திரும்பினாள்.

“இன்னாய்யா சிரிக்கற? உம் பொண்ணு எதுல ஃபெயிலு, சொல்லு பாப்போம்.”